ஆபத்தில்லாமல் புதிர் போடுவது எப்படி?

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலை எதிலாவது கணிதமோ ஆங்கிலமோ படிப்பிக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் மேலிடத்திலிருந்து ஒரு யோசனை உங்களுக்கும் வந்திருக்கும்: புதிர் மூலம் கற்பியுங்கள், பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள். யோசனை சொல்ல வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு அவிசாவளை பஸ் ஏறிவிடுவார்கள். மழையிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு இருக்கப்போவது நீங்கள்.

புதிர் லேசான சாமான் இல்லை. சாதாரணக் கணக்கு என்றால் விடை உங்கள் கையில் இருக்கும். பிள்ளை அதை நோக்கி நடந்து வர வேண்டும். புதிரில் பிள்ளை உங்களை முந்திக்கொண்டு போய்விடலாம். எனக்கு அது நடந்திருக்கிறது. சமூகக்கல்வி படிப்பிக்க வந்து, ஆளில்லாத குறைக்குக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துச் சுமந்தவன் என்ற தகுதியில் சில பாதுகாப்பு வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் அட்டை

புதிர் செய்ய அட்டை வேண்டும். முதல் ஆபத்தே இதுதான். நான் புதிதாக வந்த மாதம் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், “நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு அட்டை கொண்டு வாங்க” என்றேன். நான் நினைத்தது பால்மாப் பெட்டி அட்டை, சவர்க்காரப் பெட்டி அட்டை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் மலையில், அதுவும் மழைக்காலத்தில், அட்டை என்றால் வேறு பொருள் கிடையாது. மறுநாள் ஒரு பையன் யோகட் கப் ஒன்றின் வாயை ஷொப்பிங் பையால் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே மூன்று நெளிந்தன.

“ஏன்டா மூணு?”

“ஒண்ணு என்னோடது சேர். மத்த ரெண்டும் தங்கச்சி காலில இருந்திச்சு.”

மற்றப் பிள்ளைகளில் பாதிப் பேர் தாங்கள் கொண்டுவந்தது தெரியாமலே காலில் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைய கழித்தல் பாடம் உப்பினால் நடந்தது.

ஆகவே ‘பிரிஸ்டல் போர்ட்’ என்று சொல்லிப் பழகுங்கள். நாலைந்து நிறத்தில் வாங்கி, பிளாட்டிக்னம் பேனையால் கட்டம் போட்டு, ஓரத்தில் பூ வரைந்து, மேலே செலோடேப் ஒட்டுங்கள். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் தேசப் படத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து, பிள்ளைகள் பொருத்திப் படிக்கட்டும் என்று விற்றார். துண்டு பொருத்தும் புதிர் அப்படித்தான் பிறந்தது. அவர் விட்ட பிழை, அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. நீங்கள் செய்து முடித்ததும் அதிபரின் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மேற்பார்வைக்கு ஆள் வருகிற நாளில் எடுத்துச் சுவரில் மாட்டி, முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ பிடித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். நிரந்தரப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒரு துண்டைத் தொலைத்துவிடுங்கள்.

எந்தப் புதிர்?

தூரத்திலிருந்து வந்த புதிராகப் பார்த்து எடுங்கள். பனிமனிதன், சுரங்க ரயில், பிட்சாவை எட்டாகப் பிரிப்பது எல்லாம் நல்லவை. பிள்ளைக்குத் தெரிந்த பொருள் கேள்வியில் இருந்தால் பிள்ளை கேள்வியையே பரிசோதிக்கத் தொடங்கும்.

நான் ஒருமுறை இதில் அகப்பட்டேன். ரயில் கணக்கு. கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கு மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ரயில் வருகிறது, எத்தனை மணிக்கு வந்து சேரும்? ஏழாம் ஆண்டுப் பையன் ஒருவன் ‘வந்து சேராது’ என்று விடை எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

“இரத்தினபுரிக்கு ஏது சேர் ரயில்?”

அவன் சொன்னது சரி. களனிவெளி ரயில் பாதை 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது. பிறகு ஓப்பநாயக்க வரைக்கும் நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் இருந்ததை மூடிவிட்டார்கள். பையனின் தாத்தா ஏறிய ரயிலை நான் அவனுக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறேன். பூச்சியம்தான் போட்டேன். போடாமல் விட்டால் அடுத்த தவணை வகுப்பு முழுவதும் கேள்வி பிழை என்று எழுதும்.

ஐந்தாம் ஆண்டுக்காரர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை அந்த வேலையை முடித்துவிட்டது. அடுத்து வரும் உருவம் எது, கூட்டத்தில் சேராதது எது, இலக்கத் தொடரில் விடுபட்டது எது என்று எல்லாம் புதிர்தான். கடந்தகால வினாத்தாளும் மாதிரி வினாத்தாளும் வைத்து, டியூஷனில் நூறு தரம் செய்வித்து, பிள்ளைகள் விடையின் இலக்கத்தைக்கூடப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். புதிரை மனப்பாடம் செய்ய வைத்த நாடு இது. மற்ற வகுப்புகளுக்கும் அந்த நாள் வராமலா போகும்?

‘எம்’ ஒண்ணு

கணிதத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே பாடவேளையில் முடிக்கிற பேராசை சிலருக்கு உண்டு. எனக்கு இருந்தது. அதற்கென்றே ஒரு புதிர் இருக்கிறது. 1924 ஜூலையில் லண்டன் ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் ஹென்றி டூட்னி என்ற புதிர்க்காரர் போட்டது. ஆங்கிலத்தில் ‘செண்ட்’ என்று நாலு எழுத்து. அதன் கீழே ‘மோர்’ என்று நாலு எழுத்து. கூட்டினால் ‘மணி’ என்று ஐந்து எழுத்து வர வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். அதே எழுத்து எங்கே வந்தாலும் அதே இலக்கம். இரண்டு எழுத்துக்கு ஒரே இலக்கம் கூடாது. எண்ணின் முதல் எழுத்து பூச்சியமாக இருக்க முடியாது. இப்படி எட்டு எழுத்து.

அனுப்பு, இன்னும், காசு. இந்த மூன்றுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அகராதி தேவைப்படவில்லை. லயத்தில் பாதி வீட்டில் அண்ணனோ மாமாவோ புறக்கோட்டைக் கடையில் நிற்கிறார். மாதக் கடைசியில் ஃபோனில் நடக்கிற பேச்சு முழுவதும் இந்த மூன்று சொல்தான்.

ஒன்பதாம் ஆண்டு. கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒருத்தருக்கும் வராது என்ற நிம்மதியில் இடாப்பை எடுத்தேன். பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பினாள். கணிதத்தில் முப்பது புள்ளியைத் தாண்டாதவள்.

“சேர், ‘எம்’ ஒண்ணு.”

“எப்பிடிச் சொல்ற?”

“அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அட்வான்ஸ் எல்லாம் வெட்டிக் கையில வர்றது ஆளுக்குப் பத்தாயிரத்துக்குள்ளன்னு வைங்க சேர். ரெண்டையும் சேத்தா என்ன செஞ்சாலும் இருபதாயிரம் வராதுதானே? ஆனா விடையில அஞ்சு இலக்கம் இருக்கு. அப்ப பத்தாயிரத்துச் சொச்சம். முதல் எழுத்து ஒண்ணுதான்.”

நாலு இலக்க எண்கள் இரண்டைக் கூட்டினால் 19,998க்கு மேல் போகாது என்று நான் கரும்பலகையில் எழுதி விளக்கியிருப்பேன், யாருக்கும் விளங்கியிருக்காது. அவள் சம்பள நாளை வைத்து நிறுவிவிட்டாள். உடனே முன்வாங்குக்காரன் ஒருவன், “அப்ப ‘ஓ’ பூச்சியம் சேர்” என்றான். ஏனென்று கேட்டேன். “பாக்கவே பூச்சியம் மாதிரித்தானே இருக்கு!” காரணம் பிழை, விடை சரி. சரியான காரணம் என்னவென்றால், ‘எம்’ ஒன்று என்றான பிறகு அந்த நிரலில் ‘எஸ்’ எட்டாகவோ ஒன்பதாகவோதான் இருக்க முடியும், அப்போது ‘ஓ’வுக்கு வரக்கூடியது பூச்சியமோ ஒன்றோ, ஒன்றை ‘எம்’ எடுத்துவிட்டது. பின்வாங்குப் பிள்ளை அதற்குள் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். விரல்கள் மேசையில் ஓடின. வகுப்பில் பாதி அவள் பக்கம் திரும்பிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். மணியடிக்க ஏழு நிமிடம் இருந்தது. பாடத்தை முடிக்காமல் எப்படிப் போவது? வெண்கட்டியை எடுத்து விடையை எழுதினேன்: 9567, 1085, கூட்டினால் 10652. அவள் கரும்பலகையைப் பார்த்தாள், கொப்பியை மூடினாள், உட்கார்ந்தாள். அந்தத் தவணை முடியும்வரை அவள் பிறகு கை உயர்த்தவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. இதற்கு வகுப்பறை முகாமைத்துவம் என்று பெயர்.

இதற்கு நேர்மாறான ஆள் ஜப்பானில் இருக்கிறார். மியாமோட்டோ தெட்சுயா என்ற கணித ஆசிரியர். 2004இல் தன் மாணவர்களுக்காக அவர் உருவாக்கிய கட்டப் புதிர் ‘கென்கென்’ என்ற பெயரில் இப்போது பல நாட்டுப் பத்திரிகைகளில் வருகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் ஒரே கட்டத்துக்குள். கற்பிக்காமல் கற்பிப்பது அவர் கொள்கை. தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாராம். இங்கே அப்படி நின்றால், பாடவேளையில் சும்மா நின்றார் என்று லொக் புத்தகத்தில் ஏறும்.

மழையும் பலாப்பழமும்

இரத்தினபுரியில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை. கேகாலை மாவட்டத்து எங்கள் மலைகளிலும் வானம் பிசுபிசுக்காமல் கொட்டத்தான் செய்யும். தகரக் கூரையில் மழை பிடித்தால் உங்கள் குரல் முதல் வாங்குக்கும் எட்டாது. வாய்ப்பாடு சொல்வித்தால் வாய் அசைவது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் புதிர்த்தாள் கொடுத்தால் கவனம்: நீங்கள் குறுக்கே பேச முடியாது, பிள்ளைகள் தாங்களே செய்துவிடுவார்கள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் பலாப்பழம் வந்தது. சப்ரகமுவவில் பலாவுக்குப் பஞ்சமில்லை. சிங்களக் கிராமத்தார் அதைச் சோற்று மரம் என்கிறார்கள். அரிசி தட்டுப்பட்ட காலமெல்லாம் லயத்துக்கும் அது சோறு போட்டிருக்கிறது. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி சொல்லியிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறென்றால் சுளை நூற்றிருபது. எட்டாம் ஆண்டை மூன்று குழுவாக்கி எண்ண விட்டேன்.

மூன்று குழுவுக்கும் மூன்று எண்ணிக்கை. எந்த முள் வரைக்கும் காம்பைச் சுற்றியது, எது பழத்தின் மேல் முள் என்பதில் அடிபிடி. சரி, வெட்டியே பார்ப்போம் என்று கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசி வெட்டினோம். றப்பர் மலைப் பிள்ளைகளுக்குக் கையில் பால் ஒட்டுவது புதிதில்லை. மழை ஓயவில்லை, பழம் வரிக்கை. சுளையை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எண்ணுவதை நிறுத்தி மெல்லத் தொடங்கினார்கள். நானும் இரண்டு சுளை எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. விடை கண்முன்னே தின்னப்பட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைத்தபோது ஒரு சின்னப் பெண், “கொட்டை இருக்குதானே சேர்” என்றாள்.

ஒரு சுளைக்கு ஒரு கொட்டை. ஒன்றுக்கொன்றான இயைபு என்று பெரிய வகுப்பில் ஒரு முழுப் பாடமாக நடத்துகிற விஷயம் துப்பிய கொட்டைகளாகத் தரையில் கிடந்தது. பொறுக்கி எண்ணினோம். நூலின் வழிக்கு ஒரு குழு கிட்ட வந்தது, மற்ற இரண்டும் எட்ட நின்றன. எந்தக் குழு முள்ளைச் சரியாக எண்ணியது என்று கொட்டையை வைத்து முடிவு கட்டியதைக் காரிநாயனார் ஒத்துக்கொள்வாரோ தெரியாது. கொட்டையை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பது அதைவிடக் கடினமான வகுத்தல்.

ஆங்கிலமும் அங்கேயே வந்துவிட்டது. கொட்டையை எண்ணலாம், ஆகவே ‘ஹவ் மெனி’. பாலை எண்ண முடியாது, ஆகவே ‘ஹவ் மச்’. இலக்கணப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எடுத்து, வருடா வருடம் பிழையாகவே எழுதப்படுகிற இந்த வித்தியாசம் பிசின் கையோடு அரை மணியில் பிடிபட்டது. இப்படித் திட்டமில்லாமல் கற்பதை ஊக்குவிக்காதீர்கள். பாடக்குறிப்பில் பலாப்பழம் இருக்கவில்லை.

கப்பல் விளையாட்டு

ஆங்கிலச் சொல் தேடும் புதிர் வேண்டுமென்றால் புத்தகத்தில் உள்ள கட்டத்தைப் பிரதி எடுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். நான் தோட்டத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எது எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டேன். லயம், பெரட்டு, செக்ரோல், பிள்ளைக்காம்பரா, கந்தோர், அலவாங்கு, ஜன்னல், சாவி, கக்கூஸ்.

லயம் ‘லைன்’ என்று சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். செக்ரோல் சுலபம். ஜன்னலும் சாவியும் அலவாங்கும் காம்பராவும் போர்த்துக்கேயக் கப்பல் என்றதும் நம்பவில்லை. கந்தோர் ஒல்லாந்தக் கப்பல். கக்கூஸும் ஒல்லாந்தக் கப்பல்தான் என்று சொன்ன பிறகு அந்தப் பாடவேளையில் வேறு எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, “சேர், அங்க என்ன நடக்குது?” என்று கேட்டார். சரித்திரம் நடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுதான் விடுபடாமல் நின்றது. ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதினேன். ஒரு பையன் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டான்: “காலையில அம்மா போறதும், சுதந்திர தினத்துக்கு டிவியில ஆமிக்காரங்க போறதும் ஒரே சொல்லா சேர்?” ஒரே சொல்தான் என்றேன். நான் எழுதச் சொல்லாமலே அவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தச் சொல்லை அவன் இன்னமும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறான்.

தொடவே கூடாத புதிர்

வீட்டில் இருக்கிற தாள்களைப் புதிராக்காதீர்கள். சம்பளத் துண்டு வகுப்புக்குள் வரவே கூடாது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது கணக்கு அழகாக, உருண்டையாக இருக்கிறதே என்று நான் மயங்கினேன். 22 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் 22,000. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 1,760. மிச்சம் 20,240. இதுவரை சரி. பிறகு பிள்ளைகள் வீட்டுத் துண்டைப் பார்த்துச் சந்தா, மரண சகாய நிதி, பண்டிகை முற்பணம், கோயில் பணம் என்று ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி கையைத் தூக்கி, “நம்ம எட்டு வீதம் வெட்டுறது தெரியுது. அவங்க போட வேண்டிய பன்னிரண்டு வீதம் எங்க எழுதியிருக்கு சேர்?” என்றாள். 2,640 ரூபாய் என்று அவளே கணக்கும் பார்த்து வைத்திருந்தாள். நான் அந்தப் பாடத்தை அத்தோடு நிறுத்திக் கேத்திரகணிதத்துக்குப் போனேன். முக்கோணம் யாருடைய வீட்டுக்கும் போகாது.

றப்பர் பாலும் இப்படித்தான். கொடுப்பது லீற்றரில், கணக்கு வருவது கிலோவில். பத்து லீற்றர் பால் எப்படி மூன்று கிலோச் சொச்சம் உலர் றப்பராக மாறுகிறது? பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் றப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மெட்ரோலக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அந்தப் பங்கை அளக்கிறார்கள். பின்னம், வீதம், அடர்த்தி எல்லாம் ஒரு வாளியில் இருக்கிறது. பிள்ளைக்கு அந்த மெட்ரோலக்கை வாசிக்கத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாடநூலில் வருகிற மாம்பழச் சாறு கணக்கே போதும்.

இவ்வளவு சொல்லியும் கேட்காமல் புதிர் போடத்தான் போகிறேன் என்கிறவர்களுக்கு: விடையைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். மணியடித்தாலும் எழுதாதீர்கள். நான் இப்போது எழுதுவதில்லை. பிரிஸ்டல் போர்டுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். கடைக்காரர் கொடுக்கிற கலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். வழுவழுப்பாக இருக்கும், பென்சிலால் எழுதி அழித்து மறுபடியும் எழுதலாம், பெரிய தாள் என்றால் ஒரு குழுவுக்கு ஒன்று தாராளம். வருஷம் முடியும்போது வீட்டில் இருக்கிற பழைய கலண்டரைக் கிழித்து வடை சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். சுருட்டி, றப்பர் வளையம் போட்டு, பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர் கையில் கொடுங்கள்.